இதமாக்கி தொடாத இடம்

செவ்வூரில் ஞாயிற்றுக்கிழமை என்றால் அஞ்சல் நாள். காலைச் சாப்பாடு முடிந்ததும் அவரவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். பூமியிலிருந்து வந்த காணொலிகள் சுவர்த்திரையில் ஓடும். மதியம் உணவுக்கூடத்தில் கூடும்போது எல்லோர் முகத்திலும் ஒரு தெளிவு இருக்கும். செவ்வாய்க் கிரகத்தில் குடியேறியவர்கள் திரும்பிப் போவதில்லை என்பதால் அந்த ஒரு காலையை நம்பித்தான் வாரம் நகர்ந்தது.

அமலிக்கு அக்கா ரோஸ்லின் தூத்துக்குடியிலிருந்து பேசி அனுப்புவாள். வீட்டு வராந்தாவில், பளிச்சென்ற வெளிச்சத்தில், பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுச் சண்டை, மழை, மாதா கோயில் திருவிழா என்று சொல்லிக்கொண்டே போவாள். பதிலுக்கு அமலி பசுமைக்கூடத்தில் காய்த்த தக்காளியைக் காட்டி நாலு வார்த்தை பேசி அனுப்புவாள்.

எல்லாமே இதமாக்கி வழியாகத்தான் வரும், போகும். அது ஒரு மென்பொருள். செவ்வாயின் காவி வெளிச்சத்தில் முகங்கள் மஞ்சள்காமாலை பிடித்தவைபோலத் தெரியும். ஊரில் இருப்பவர்கள் பயந்துவிடக் கூடாதென்று அது நிறத்தைச் சரிசெய்து அனுப்பும். அங்கிருந்து வருவதையும் கொஞ்சம் துலக்கித் தரும். செவ்வூரில் அது காற்றுக் குழாய் மாதிரி. அதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

தாட்சாயணி வந்த பிறகுதான் அமலி வெளிச்சத்தைப் பற்றியே யோசிக்க ஆரம்பித்தாள். தாட்சாயணி சென்னையில் பதினைந்து வருடம் ஒளிப்பதிவாளராக இருந்தவள். அமலியைவிட எட்டு வயது இளையவள். செவ்வூரைப் பற்றி முழுநீளப் படம் எடுக்க வந்திருந்தாள். அவளுடைய உதவியாளர் புறப்படும் முன்பு மருத்துவச் சோதனையில் தோற்றுவிட, இரண்டாவது கேமராவுக்கு ஆள் இல்லை. சூரியத் தகடுகளில் தூசி துடைக்கும் பிரிவுக்கு அமலி பொறுப்பாளர். கவச உடையில் நாள் முழுக்க வெளியே நிற்கக்கூடியவள்.

“எனக்குச் சொல்லித் தருவீங்களா?” என்று அவளாகவே போய்க் கேட்டாள்.

“ஏன் கத்துக்கணும்னு தோணுது?”

“ரோவர் வண்டியில ஏழு கேமரா இருக்கு. அது எடுக்கிறதைப் பார்க்க எனக்குப் பிடிக்கல. நீங்க எடுத்ததைப் பார்த்தேன். அதே பாறைதான், ஆனா தொட்டுப் பார்க்கணும் போல இருந்துச்சு. அது எப்படின்னு தெரிஞ்சுக்கணும்.”

முதல் பாடம் வெளியே நடந்தது. சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. பகலெல்லாம் காவியாகக் கிடந்த வானம் சூரியனைச் சுற்றி மட்டும் நீலமாகிக்கொண்டு வந்தது. அமலி கேமராவைத் தூக்கி நேராக அதன் பக்கம் பிடித்தாள்.

“எல்லாரும் அதைத்தான் எடுப்பாங்க,” என்றது தலைக்கவசத்துக்குள் தாட்சாயணியின் குரல். “திரும்புங்க. அது எது மேல விழுதுன்னு பாருங்க.”

திரும்பினாள். பத்து வருடமாகத் துடைத்துவந்த தகடுகளின் விளிம்பில் மெல்லிய நீலக்கோடு ஓடியது. இத்தனை நாளாக அதை அவள் பார்த்ததே இல்லை. அன்று காற்று அளவு குறையும்வரை இருவரும் உள்ளே வரவில்லை.

அதன்பிறகு தினமும் பாடம்தான். விளக்கைக் கிட்டே கொண்டுவந்தால் முகம் என்ன ஆகிறது, நிழலில் எவ்வளவை விட்டுவைப்பது என்று தாட்சாயணி பொறுமையாகச் சொன்னாள். அமலி விடாமல் கேட்டாள். ஒருநாள் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, கிட்டத்தில் படம் எடுத்துத் திரையில் பெரிதாக்கிக் காட்டினாள் தாட்சாயணி.

“உங்க கண்மணியில ஒரு வெள்ளைப் புள்ளி தெரியுதா? அது நான் வச்ச விளக்கு. ஜன்னல் பக்கம் உட்கார்ந்தா ஜன்னலே தெரியும். யார் எடுத்த படமா இருந்தாலும் கண்ணைப் பார்த்தா விளக்கு எங்க இருந்துச்சுன்னு சொல்லிடலாம்.”

“இதை மாத்த முடியாதா?”

“முடியும். ஆனா நாங்க தொடமாட்டோம். எல்லாத்தையும் மாத்தலாம், கண்ணுல கைவச்சா மட்டும் ஆள் பிணம் மாதிரி ஆயிடும். பார்க்கிறவங்களுக்கு ஏன்னு தெரியாது, ஆனா ஒட்டாது.”

அமலிக்கு அது பெரிய விளையாட்டாகப் போய்விட்டது. கிடைத்த முகங்களையெல்லாம் பெரிதாக்கிப் பார்த்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை ரோஸ்லினுடைய கண்ணையும் பார்த்தாள். வராந்தாவின் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வந்தது. ஆனால் கண்மணிக்குள் வானம் இல்லை. தலைக்குமேல் வரிசையாக நீள விளக்குகள் இருந்தன. கீழே கம்பி போல ஏதோ குறுக்கே ஓடியது. பக்கத்தில் ஒரு பை தொங்கியது.

அவள் தாட்சாயணியைக் கூப்பிட்டுக் காட்டினாள். தாட்சாயணி அதை இன்னும் பெரிதாக்கி, கிட்டே போய்ப் பார்த்தாள்.

“இது வராந்தா இல்லைங்க,” என்றாள் கடைசியில். “கட்டில். அது குளுக்கோஸ் பை.”

அமலி நேரே போய்க் கேட்டபோது நலப்பிரிவுத் தலைவர் ஜெயசீலன் எதையும் மறுக்கவில்லை.

“ஆமா, அமலி. இதமாக்கி வெளிச்சத்தை மட்டும் மாத்தறதில்ல. அங்கிருந்து வர்ற பேச்சையும் மாத்தும். இங்கிருந்து போறதுல முகத்தைத் துலக்குறதோட நிறுத்திக்கும். முதல் வருஷம் வீட்டுச் சாவு சேதி கேட்டு ரெண்டு பேர் கவசம் இல்லாம வெளிக்கதவைத் திறந்துட்டாங்க. ஒருத்தரோட காற்று போனா இங்க எல்லாரோட காற்றும் போகும். அதனாலதான் இந்த ஏற்பாடு.”

“அசல் எங்க இருக்கு?”

“இருக்கு. கேட்டா கொடுக்கணும்னுதான் விதி. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல.”

“நான் கேக்கேன்.”

அறைக்குத் திரும்பி அந்த வாரத்து அசலைப் போட்டாள். கட்டிலில் ரோஸ்லின் கிடந்தாள். தலையில் துண்டு கட்டியிருந்தது, துண்டுக்குக் கீழே முடி இல்லை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

“ஏட்டி அமலி, எட்டு மாசமா சொல்லுதேன். புத்துநோய்னு சொன்னேன், நீ தக்காளியக் காட்டுன. கீமோ ஆரம்பிச்சாச்சுன்னேன், செடி பூ விட்டிருக்குன்னு சிரிச்ச. அவ்வளவு தூரம் போயிட்டா மனசும் கல்லாயிருமாட்டி? போதும். இனி நான் பேசல. நீயும் ஒண்ணும் அனுப்பாத.”

அமலி எழுந்து திரையை அணைத்தாள். வாசலில் நின்ற தாட்சாயணி பதில் எடுக்கத்தான் என்று புரிந்து உள்ளே வந்து, கேட்காமலே விளக்கைத் தூக்கி இடம் மாற்றப்போனாள்.

“வேண்டாம்ங்க,” என்றாள் அமலி. “நானே எடுக்கேன்.”

வட்ட ஜன்னலின் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். வெளியே தூசிக்காலத்து வெளிச்சம். முகத்தில் பாதி காவியாகவும் பாதி இருட்டாகவும் இருந்தது. இருட்டுப் பக்கத்தை அப்படியே விட்டாள். “அக்கா, நீ சொன்ன ஒண்ணும் எனக்கு வரல. சத்தியமா வரல. இன்னைக்குத்தான் தெரியும்.” அதற்குமேல் குரல் எழவில்லை. அதையும் வெட்டாமல், திருத்தம் ஏதும் கூடாதென்று சொல்லி அனுப்பினாள்.

தாட்சாயணி கேமராவைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். சென்னையில் அவளுக்குக் கணவன் இருந்தான், வாராவாரம் சிரித்துப் பேசி அனுப்புகிறவன்.

“நீங்க அவர் கண்ணைப் பெருசாக்கிப் பார்த்தீங்களா?” என்று கேட்டாள் அமலி.

“இன்னும் இல்ல,” என்றாள் தாட்சாயணி. “தைரியம் வரட்டும்.”

இதமாக்கி வழியாகப் போகாததால், அடுத்த ஞாயிறுவரை காக்காமல் மறுநாளே பதில் அசலாக வந்தது. ரோஸ்லின் தலையணையில் சாய்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னட்டி இது, கிழவி மாதிரி ஆயிட்ட,” என்றாள். “கண்ணுக்குக் கீழ என்ன கறுப்பு? போன வாரம்கூட இருபது வயசுப் பிள்ள மாதிரி இருந்தியே.” மூச்சு வாங்கினாள். பிறகு சட்டென்று குரல் உயர்ந்தது. “ஒண்ணுமே வரலையா? நான் ஏசுனது ஒண்ணுகூடவா? அடி பாவி, ராத்திரி பூரா யோசிச்சு யோசிச்சுல்லா ஏசுனேன்! அம்புட்டும் வீணா?” சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. “எல்லாத்தையும் கேளு. முதல்ல இருந்து கேளு. டாக்டர் இன்னும் ரெண்டு மாசம் போகட்டும், பார்ப்போம்ங்காரு. கேட்டுட்டுச் சொல்லு.”

அமலி ஜெயசீலனிடம் எட்டு மாதத்து அசலையும் வாங்கினாள். உணவுக்கூடத்தில் விஷயம் பரவியிருந்தது. அவள் கடந்து போகும்போது மேசைகளிலிருந்து எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

கதவைச் சாத்திவிட்டு முதல் காணொலியைப் போட்டாள். ஏச்சு வரும் என்று தயாராகத்தான் உட்கார்ந்தாள். ரோஸ்லினுக்கு அப்போது முடி இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெஞ்சின் ஓரத்தில், கையில் ஒரு ஸ்கேன் உறையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் ஏசவில்லை.

“அமலி, இப்பத்தான் சொன்னாங்க. வீட்டுல இன்னும் யாருக்கும் தெரியாது. உனக்குத்தான் முதல்ல சொல்லுதேன். பயமா இருக்குட்டி. ஏதாவது சொல்லேன்.”

அமலி திரையை நிறுத்தினாள். கேமராவை எடுத்து முன்னால் வைத்து, அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினாள்.