பதினேழு பார்க்கிறான்

"பதினேழு...! பார்க்காதடா...!"

அலறல் தகரக் கூரையை அதிர வைத்தது.

உச்சி வெயில். வாசலில் கேட் பற்றவைத்துக்கொண்டிருந்தவள் வெல்டிங் மெஷினை அணைத்துவிட்டு உள்ளே ஓடினாள். கட்டிலில் பெரியப்பா. போரில் வெந்துபோன முகம் வியர்வையில் மினுங்கியது. கண்கள் கதவு மூலையிலேயே...

மூலையில் யாருமில்லை!

"மறுபடியும் வந்துட்டானா?"

"போகவே இல்லையே! அங்கதான் நிக்கிறான்!"

"யாருதான் பெரியப்பா அந்தப் பதினேழு?"

"பட்டாளத்துல கூட இருந்தவன். நம்ம குடும்பப் பேர்தான் அவனுக்கும். என் கண்ணு முன்னாலயே செத்தான்... இனி இந்த வீடு வேண்டாம். நாளைக்கே விக்கிறேன்!"

பின்னாலேயே வந்த அம்மாவின் கையிலிருந்த தண்ணீர்க் குவளை நழுவியது.

"வித்தா நாங்க எங்கங்க போறது?"

"வீடு மூத்தவன் பேர்ல. நான்தான் மூத்தவன்."

மறுக்க முடியவில்லை. அப்பா இறந்த பிறகு பட்டாளக் காகிதங்களோடு வந்து நின்றவர். அதற்கு முன் அம்மாவும் மகளும் அவரைப் பார்த்ததே இல்லை.

செத்தவனின் சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்து, அவனுக்குக் காரியம் செய்ய வைத்தால் பெரியப்பா தூங்குவார்... வீடும் தப்பும்.

கிளம்பினாள்.

பட்டாள ஆவண அறை. தூசியில் கிளார்க் தும்மினார்.

"வெறும் குடும்பப் பேரை வெச்சுத் தேடணுமா? அந்தப் பேரைக் கூப்பிட்டா பாதிப் பட்டாளம் திரும்பிப் பார்க்குமேம்மா!"

"பதினேழுன்னு கூப்பிடுவாங்களாம் சார். எங்க பெரியப்பாகூடப் பட்டாளத்துல இருந்தவர்."

"அதை முதல்ல சொல்ல மாட்டியா? ஒரே பேர்ல நாலு பேர் இருந்தா, பட்டாள நம்பரோட கடைசி ரெண்டு எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. உங்க பெரியப்பா எந்தப் படைப்பிரிவு?"

சொன்னாள். மூன்று கோப்புகள் மேஜையில் விழுந்தன.

"நாப்பது... காய்ச்சல்ல போயிட்டான். அறுபத்திரண்டு... கூடாரம் எரிஞ்ச அன்னைக்குக் காணாமப் போனவன். பதினேழு..."

கிளார்க் நிமிர்ந்தார்.

"செத்தான்னு எவன் சொன்னது? முகத்துல தீக்காயத்தோட வீட்டுக்குப் போயிருக்கானே! விலாசம்..."

வாசித்தார்.

அவளுடைய வீட்டு விலாசம்!

கோப்பைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். பெரியப்பாதான் பதினேழா? தன்னைப் பார்த்தே ஒருவன் அலறுவானா...?

அம்மா அங்கே தனியாக!

வழியில் ஒரு போலீஸ்காரரைக் கையோடு இழுத்துக்கொண்டு ஓடினாள். அம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். பெரியப்பா வாசலுக்கு முதுகு காட்டி நின்றார்.

போலீஸ்காரரைக் கதவோரம் நிறுத்திவிட்டு, அடித்தொண்டையில் கத்தினாள்.

"அறுபத்திரண்டு!"

"சார்!"

குதிகால்கள் மோதின. முதுகு நிமிர்ந்தது. வலது கை நெற்றிக்குப் போனது... அங்கேயே நின்றுவிட்டது.

"எங்க பெரியப்பாவை என்ன செஞ்சே?"

கை இறங்கவில்லை.

"வீட்டுக்குப் போற உத்தரவு அவனுக்கு மட்டும் வந்துச்சு. பேரு ஒண்ணுதானே, நான் போனா என்னன்னு... முதுகுலதான் சுட்டேன். திரும்பிப் பார்த்துட்டான்மா! கூடாரத்தைக் கொளுத்தினேன், அது என்னையும் சேர்த்துக் கொளுத்திடுச்சு... அந்தத் தீயிலயும் அவன் கண்ணு மூடல!"

போலீஸ்காரர் உள்ளே வந்து தோளைப் பிடித்தார். கிழவன் கதவு மூலையைத் தாண்டும்போது கண்களை இறுக மூடிக்கொண்டான்.

வாசலில் திரும்பினான்.

"பதினேழும் போச்சு... அறுபத்திரண்டும் போச்சு. இனி என்னை என்னன்னும்மா கூப்பிடுவாங்க?"

அவள் வெல்டிங் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"உள்ளே போனதும் புது நம்பர் குடுப்பாங்க. அதையாவது யார்கிட்டயும் மாத்திக்காம வெச்சுக்கோ!"