கோட்டுக்குள் வந்த புகை

அவள் இழுத்த கோட்டின் மேலேயே புகை வந்து உட்கார்ந்திருந்தது.

பட்டப்பகலிலும் விளக்கைப் போட்டுவைக்க வேண்டியிருந்த அந்தக் கண்காணிப்பு அறையில், ஏசி வழியாகக் கசிந்துவந்த கரிந்த மரவாடைக்கு மூக்கைச் சுளித்தபடி அவள் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். அலுவலகத்தில் அவளுக்குப் புகைக்காரி என்று பெயர். செயற்கைக்கோள் சில நிமிடங்களுக்கொரு படம் அனுப்பும். அதில் காட்டுத்தீயின் புகை எது, வெறும் மேகம் எது என்று பிரித்து, புகையைச் சுற்றிக் கையால் கோடு இழுப்பது அவள் வேலை. போன படத்தில் தண்ணீர் பாட்டிலை எடுக்கப்போய்க் கை இடறி, கோடு ஓரிடத்தில் மூக்கு மாதிரி நீண்டுவிட்டது. சோம்பல்பட்டு அப்படியே விட்டுவிட்டாள். இப்போது வந்த படத்தில் புகைக்கும் அதே மூக்கு. அதுவும் காற்றுக்கு எதிர்த்திசையில்.

யாரோ விளையாடுகிறார்கள். வேறு யார், பக்கத்து மேசைச் சோடாபுட்டிதான். புழுதிப்புயல் பார்க்கிற அந்த ஆளுக்கு அவள் நாற்காலிமேல் ரொம்ப நாளாக ஒரு கண். அவள் கணக்கு தப்பினால் அவருக்குக் கொண்டாட்டம்.

"என் படத்துல கைவச்சீங்களா?"

"என் புழுதியே எனக்குத் தலைக்குமேல கெடக்கு. உங்க புகைய நான் எதுக்குத் தொடப்போறேன்?"

முகத்தைப் பார்த்தால் பொய் சொல்வதாகத் தெரியவில்லை. அதுதான் சந்தேகத்தைக் கூட்டியது. மலைமேல் இருக்கிற தீக்காவல் கோபுரத்துக்குக் காலையிலிருந்து போன் அடிப்பதாகவும், காவலாளி எடுக்கவே இல்லையென்றும் அவர் முணுமுணுத்தார். தூங்கிக் கிடப்பான் என்று நினைத்துக்கொண்டாள். அந்தக் கோபுரத்துக்கு நேர்மேலே காலையில் ஒரு வெள்ளைத் திட்டைப் புகையென்று நினைத்து அவள்தான் கோடு போட்டிருந்தாள். பிறகு மேகமென்று புரிந்ததும், கோட்டை அழித்தாள். அடுத்த படத்தில் மேகமும் இல்லை. சனியன் தொலைந்தது என்று அப்போது சந்தோஷப்பட்டாள்.

இப்போது அந்த மூக்கை மறுபடி உற்றுப் பார்த்தாள்.

கோடு இருக்கிற இடமெல்லாம் புகை வருகிறதென்றால்? சேச்சே, புத்தி பேதலித்துவிட்டதா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் கை தானாக நகர்ப்பகுதிக்குப் படத்தை நகர்த்தியது. இந்த வேலையில் இருக்கிற எல்லோரும் செய்வதுதான்: சொந்த வீட்டைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் போட்டுவைப்பது, புகை எவ்வளவு தூரத்தில் நிற்கிறதென்று அடிக்கடி பார்த்துக்கொள்ள. அவளுக்கு மூச்சிரைப்புக்கார மகள். பள்ளிக்கூடம் மூடியதால் வீட்டில் தனியாக இருக்கிறாள். அடையாளத்துக்கு வெள்ளைக் கோடு, புகைக்குச் சிவப்புக் கோடு.

வட்டம் சிவப்பாக இருந்தது.

சற்றுமுன் வட்டம் போட்ட அவசரத்தில் நிறம் மாற்ற மறந்துபோயிருக்கிறாள். வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, நானே கூப்பிடலாம்னு இருந்தேன்." மகளுக்கு வார்த்தைக்கு வார்த்தை மூச்சிரைத்தது. "நம்ம வீட்டச் சுத்தி மட்டும் ஒரே புகைம்மா. எதிர்வீட்டுல வெயிலடிக்குது."

"ஜன்னலெல்லாம் சாத்துடி. மருந்த இழு. அம்மா இருக்கேன், போன வச்சிராத."

"சாத்திட்டேம்மா. சாத்துனப்புறமும் வருது."

இனி யோசிக்க என்ன இருக்கிறது. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, வட்டத்தைத் தேர்ந்தெடுத்தாள். அழித்தாள். சிவப்பு மறைந்தது.

"ஹை, போயிடுச்சும்மா. வெளிச்சம் வ..."

"கண்ணு?"

போனைக் காதோடு அழுத்தினாள்.

"கண்ணு, பேசுடி."

பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது. சோடாபுட்டி தன் திரையைப் பார்த்தபடியே பேசினார். 

"இங்க வாங்களேன். நேத்துப் படத்துல கோபுரம் இருக்கு. இன்னைக்குப் படத்துல அந்த எடம் மொட்டையா இருக்கு. அஸ்திவாரம்கூட இல்ல."

அவள் திரும்பவில்லை. அவள் திரையில் அடுத்த படம் இறங்கிக்கொண்டிருந்தது. மேலிருந்து கீழாக, பட்டை பட்டையாக. நெடுஞ்சாலை. பள்ளிக்கூட மைதானம். அவர்கள் தெரு. இந்தப் பக்கத்து வீட்டின் நீலத் தண்ணீர்த்தொட்டி. அந்தப் பக்கத்து வீட்டு மாடியில் காயும் துணி. இரண்டுக்கும் நடுவில் செம்மண். வழவழவென்று. சுத்தமாக. அவள் போட்ட அதே வட்டம். அதன் விளிம்பில் பக்கத்து வீட்டு மதில், கத்தியால் நறுக்கியதுபோல் பாதியில் நின்றது.

அழைப்பு துண்டிக்கப்படவில்லை. போனில் நொடிகள் ஓடிக்கொண்டே இருந்தன. அவள் காதில், வெட்டவெளியில் காற்று வீசும் சத்தம் கேட்டது.