பதினாறு மணி நேரத் தூக்கம்

அந்த மாடி வீட்டுக்கு அவர்கள் குடிவந்தபோது கட்டில் ஏற்கெனவே அங்கே இருந்தது. வாசல் வழியாக வெளியே எடுக்க முடியாத அகலம்.

"இருந்துட்டுப் போகட்டும். தூக்கிட்டு வர்ற வேலை மிச்சம்" என்றார் கணவர்.

அவர் பேக்கரியில் ராத்திரி முழுக்க ரொட்டி சுடுகிறவர். விடிந்ததும் வந்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுப்பார். அவள் தையல்காரி. அடுத்த அறையில் அவள் மெஷின். பகலில் அவர் படுக்கும் இடத்தில் ராத்திரி அவள் படுப்பாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாக இதே ஏற்பாடு.

குறட்டை அவளுக்குப் புதிதல்ல. பேக்கரியில் அவர் பட்டப்பெயரே 'லாரி'. கேட்டால், "நான் எங்க விடுறேன்? நீ மெஷின் ஓட்டுறது உனக்கே கேக்குது" என்பார். இந்த வீட்டில் புதிதாக வந்தது, நடுவே விழும் நிறுத்தம்.

மேலே மேலே ஏறிய குறட்டை சட்டென்று அறுந்துபோகும். அவள் துணியைப் போட்டுவிட்டு ஓடுவாள். பத்து எண்ணுவாள், இருபது எண்ணுவாள். முப்பது வரை போன நாளும் உண்டு. பிறகு, தண்ணீருக்குள்ளிருந்து தலையை எடுத்தவர் போல ஒரு திணறல். அவரை ஒருக்களித்துப் புரட்டிவிட்டு வருவாள். கதவைத் தாண்டுவதற்குள் மறுபடி மல்லாந்து கிடப்பார்.

மல்லாந்தால்தான் இப்படி ஆகிறது என்று யாரோ சொன்னார்கள். பழைய பனியனின் முதுகில் ஒரு பை தைத்து, அதற்குள் டென்னிஸ் பந்தை வைத்து மூடினாள். புரண்டால் உறுத்தும்; தானே திரும்பிக்கொள்வார்.

அன்று மத்தியானமே குறட்டை நின்றது. போய்ப் பார்த்தாள்.

மல்லாந்து கிடந்தார். பந்து தரையில் இருந்தது. தையல் அறுந்திருக்கவில்லை. கண்ணி கண்ணியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பிரித்த நூல் தலையணைமேல் ஒழுங்காகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது.

அவர் மூச்சு இன்னும் வரவில்லை.

ஆனால் அறையில் ஒரு மூச்சு கேட்டது.

கட்டிலின் மறுபாதியிலிருந்து. நிதானமான, வயிறு நிறைந்தவர் விடுவது போன்ற குறட்டை. அங்கே யாருமில்லை. காலித் தலையணையின் நடுவே ஒரு குழி மட்டும்.

அவரை உலுக்கிப் புரட்டினாள்; திணறலோடு அவர் மூச்சு திரும்பியது, மறுபக்கத்துக் குறட்டை அடங்கியது. கீழே போய் வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டாள்.

"முன்னாடி இருந்தவரா? தூக்கத்துலயே போயிட்டாரும்மா. ரெண்டு நாள் கழிச்சுத்தான் எங்களுக்கே தெரிஞ்சுது. ஏம்மா கேக்குற?"

அவள் படியேறினாள்.

டாக்டர் அவரை ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் தூங்கவைத்துப் பார்த்தார். "தூங்கும்போது தொண்டை அடைச்சுக்குது. மூச்சு நின்னு நின்னு வருது. சாதாரணக் குறட்டைன்னு விட்டா இதயத்தைப் பாதிக்கும்" என்றார். முகத்தில் மாட்டிக்கொள்ள ஒரு மாஸ்க், அதற்குள் காற்றை ஊதும் சின்ன மெஷின். மாஸ்க்கில் மூச்சு பட்டால் தானே ஓடும்.

முதல் நாளிலேயே வீடு அடங்கிவிட்டது. அவர் முகத்தில் களை வந்தது. அவளும் பல மாதத் தூக்கத்தைச் சேர்த்துத் தூங்கினாள். ராத்திரியில் அரைகுறையாகக் கேட்ட சீறலை மின்விசிறி என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்து, மெஷினில் பதிவானதைப் படித்துப் பார்க்க டெக்னீஷியன் வந்தார்.

"தவறாம போடுறீங்க சார். ஆனா இவ்வளவு தூங்கக்கூடாதே."

"எவ்வளவு?"

"பதினாறு மணி நேரம். பகல்ல எட்டு, ராத்திரி எட்டு."

கணவர் சிரித்தார். "ராத்திரி நான் அடுப்படியில இருக்கேன் தம்பி. மெஷின்ல கோளாறு இருக்கும்."

அவளால் சிரிக்க முடியவில்லை. "காத்து சும்மா ஓடியிருக்கலாம் இல்லையா?"

"சும்மா ஓடினா தெரியும்மா. இது மூச்சு. நிமிஷத்துக்குப் பதிமூணு."

அன்று ராத்திரி மாஸ்க்கைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். மறுநாள் பகலில், மாஸ்க் மாட்டி, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அவர் மூச்சு நின்றது. அறுபது எண்ணினாள். உதடு நீலம் பாரித்தது. கன்னத்தில் ஓங்கி அறைந்த பிறகுதான் விழித்தார்.

"யாரோ மூக்கைப் பிடிச்சுக்கிட்ட மாதிரி இருந்துச்சு" என்றார், குழந்தையைப் போல.

அவரைத் தையல் அறையில் பாய் விரித்துப் படுக்கவைத்தாள். அங்கேயும் நின்றது. வீடு மாறலாம் என்று அழுதாள். "மெஷின் கோளாறுக்கு வீடு மாத்துவாங்களா?" என்று வேலைக்குக் கிளம்பிவிட்டார். மூன்றாம் ராத்திரி மாஸ்க்கை எடுத்து அந்தக் காலித் தலையணைமேல் வைத்தாள்.

மறுநாள் அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

மாஸ்க் மட்டும் போதாது என்பதும் சீக்கிரமே புரிந்தது. அவள் தையல் அறைக்குப் போய்ப் படுத்த ராத்திரிக்கு மறுபகலிலும் அவர் உதடு நீலம் பாரித்தது. அது தனியாகப் படுக்க விரும்பவில்லை.

அதிலிருந்து தினமும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறாள். விளக்கை அணைத்ததும் முதுகுக்குப் பின்னால் மாஸ்க்கின் பட்டை இழுபடும். சீறல் தொடங்கும். பிறகு மூச்சு. ஒவ்வொரு மூச்சாக எண்ணியபடி விடியும்வரை கிடப்பாள்.

போன வாரம் ஒரு ராத்திரி அது மிகவும் நெருங்கி வந்தது. மாஸ்க்கின் ஓரம் வழியாகக் கசிந்த காற்று அவள் பிடரியில் ஜில்லென்று பட்டது. முன்னால் சுவர். நகர ஒரு விரல்கடை இடமில்லை.

கண்களை இறுக மூடிக்கொண்டாள். கட்டினவரிடம் சொல்வது போலவே, மெல்லச் சொன்னாள்.

"கொஞ்சம் தள்ளிப் படுங்க."

மூச்சு நின்றது.

கட்டில் முனகியது. மெத்தையின் அந்த ஓரம் மெதுவாக அமுங்கியது. காற்று அவள் பிடரியை விட்டு விலகியது.

தள்ளிப் படுத்துக்கொண்டது.