பாலம் உறுதி

மலையடிவாரக் காவல் அறைக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது காலை எட்டு மணி. உள்ளே, வாசலையொட்டிய பலகையில் சாக்பீஸால் எழுதியிருந்தது: 'பாதை நன்று. பாலம் உறுதி.' மேலே 'இன்றைய பாதை நிலவரம்' என்ற பெயிண்ட் எழுத்து மட்டும் அவள் கணவர் கைவண்ணம். போர்டு எழுதுவதுதான் அவர் தொழில். 'ல'வின் வாலை இழுத்து நீட்டிவிடுவார். கேட்டால், "எழுத்தும் கொஞ்சம் காலை நீட்டிக்கட்டுமே" என்பார்.

"பாலம் வரைக்கும் போய்ப் பாத்தியாடா?"

"வெளிச்சம் வந்ததுமே போய்ட்டு வந்துட்டேன்கா. பாக்காம எழுதுவேனா?" பாதைக் காவலனான தம்பி டீயை உறிஞ்சினான். "மாமாகிட்டயும் போன வருஷம் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். 'மூடியிருக்கு'ன்னு எழுதியிருந்ததைப் படிச்சுட்டே போனாரு. அவர் பிடிவாதம் உனக்குத் தெரியாதா?"

தெரியும். ஓராண்டாக அவரைத் திட்டித் திட்டித்தான் அவள் அழுதாள். இன்று அவர் பாலத்தோடு விழுந்து உயிரைவிட்ட இடத்திலேயே நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட வேண்டும்: ஏங்க போனீங்க?

முதல் ஒரு மணி நேரம் ஏற்றம் சுலபம்தான். சருகு வழுக்கியது, சரளைக்கல் உருண்டது, அவ்வளவே. அதற்கப்புறம் செம்மண் பள்ளம். சுற்றிப்போக வழியில்லை. இரவு பெய்த கோடைமழையில் சேறு தோசைமாவு போலக் குழைந்து கிடந்தது.

அதில் ஒரு காலடித் தடம்கூட இல்லை.

கணுக்கால் புதையக் கடந்தாள். பின்னால் இன்னொரு கால் சேற்றிலிருந்து பிடுங்கிக்கொள்ளும் சத்தம். திரும்பினாள். யாருமில்லை. ஆனால் சேற்றில் அவள் தடத்தை ஒட்டியே, அதைவிடப் பெரிதாய், இன்னொரு வரிசை.

பெயிண்டில் கலக்கும் டர்பென்டைன் வாசனை வந்தது. அவர் சட்டையின் வாசனை.

அவர் விழுந்தபின் புதிதாய்ப் போட்ட பாலம் பார்வைக்குக் கச்சிதமாக நின்றது. ஒரு காலை வைத்தாள்.

"குருவி."

அவளை அப்படிக் கூப்பிட ஒருவர்தான் இருந்தார்.

"காலை எடு."

எடுத்தாள். அடியில் ஒரு கல் நழுவியது. பாலம் அவசரமேயில்லாமல் சரிந்து பள்ளத்துக்குள் போனது. சத்தம் ரொம்ப நேரம் கழித்துத்தான் மேலே வந்தது.

கேட்க வந்த கேள்வி வாயிலேயே மாறிப்போனது. "அன்னைக்குப் பலகையில என்னங்க எழுதியிருந்துச்சு?"

காதருகே, களைத்த குரல்: "இன்னைக்கு இருக்கிறதேதான்."

கீழே வந்தபோது தம்பி அதே நாற்காலியில் இருந்தான். "என்னக்கா, அதுக்குள்ள?"

"உன் பூட்ஸ்ல ஒரு பொட்டுச் சேறு இல்லையேடா."

அவன் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

"பாலம் போயிடுச்சு. அன்னைக்கும் முந்தின நாள் எழுதினதையே திரும்ப எழுதி வெச்சே. அவர் விழுந்தப்புறம்தானே 'மூடியிருக்கு'ன்னு மாத்தினே?"

"வேலை போயிடும்னு பயந்துட்டேன்கா..."

"அவரைத் தூக்கிட்டு வந்தப்போ என் மடியில விழுந்து அழுதியேடா. ஒரு வருஷமா அந்த மனுஷனைத் திட்ட வெச்சியேடா."

அவன் எழுந்து, ஈரத்துணியால் பலகையைத் துடைத்தான். "இப்பவே சரியா எழுதிடறேன்கா."

சாக்பீஸை அவன் எடுக்கவில்லை. ஈரம் காயக் காய எழுத்துகள் தாமாக மேலே வந்தன.

'பாலம் இல்லை.'

வால் நீண்டிருந்தது.

துடைத்தான். மறுபடி வந்தது. மூன்றாம் முறை துடைத்த துணியில் ஈரப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. அவள் திரும்பி வாசலுக்கு நடந்தாள்.

"அக்கா, போகாதேக்கா. என்னைத் தனியா விட்டுட்டுப் போகாதே."

"நீ தனியா இல்லடா" என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி.

வாசலிலிருந்து பலகை வரை இரண்டு ஜோடிச் செம்மண் தடங்கள் வந்திருந்தன. அவளுடையது திரும்பி வெளியே போனது.

மற்றது போகவில்லை.