மூச்சைப் பிடிங்க

தூக்கப் பரிசோதனைக்கு அந்தத் தையல்கார அக்கா கைப்பையோடு வந்தபோது இரவு மணி ஒன்பது. தூங்கும்போதே நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, அலறிக்கொண்டு எழுகிறாராம். மூன்று மாதமாக இதே பாடு. இதயத்தில் கோளாறு இல்லை என்று முன்பே சொல்லிவிட்டார்கள்.

"வீட்ல நடிக்கிறேங்கறாங்க தம்பி. இதுக்கு ஒரு பேர் கிடைச்சா போதும்."

தலை முழுக்க ஒயர்கள் ஒட்டினேன். மூச்சை அளக்க மார்பில் ஒரு பட்டை, வயிற்றில் ஒரு பட்டை. இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் ஒரே பெட்டி. அதில் எல்லாவற்றையும் செருகினேன். திரைச்சீலைக்கு அப்பால் இரண்டாவது கட்டில் காலி; அதற்கான பட்டைகள் மட்டும் அதன்மேல் கிடந்தன.

"மாட்டைக் கட்டுற மாதிரி கட்டிட்டீங்களே! எழுந்திரிக்கணும்னா?"

"கூப்பிடுங்கக்கா, வந்து அவுத்து விடறேன். நீங்களா எழுந்திரிக்க முடியாது."

பக்கத்து அறைக் கணினி முன் உட்கார்ந்து, வழக்கம்போல் மைக்கில் சொன்னேன். "மூச்சைப் பிடிங்க."

திரையில் மார்புக் கோடு உடனே நேரானது. வயிற்றுக் கோடு சற்று யோசித்துவிட்டு நின்றது.

"விடுங்க."

வயிறு மறுபடியும் தாமதமாகத்தான் ஏறியது. பட்டை நழுவியிருக்கும் என்று சோம்பேறித்தனமாக விட்டுவிட்டேன்.

இரண்டு மணிக்கு வயிற்றுக் கோடு நின்றது.

மறுகணம் அக்கா அலறினார்.

நான்கு மணிக்கும் அப்படியே.

காலையில் டாக்டர் பதிவைப் பார்த்தார். "கனவு இல்ல, மூச்சடைப்பும் இல்ல. தூக்கத்துல வர்ற பேனிக் அட்டாக். நிஜமான நோய்தாம்மா, சரியாயிடும்."

அக்கா அழுதே விட்டார். எனக்கும் மனசு நிறைந்தது. கணவர் வரும்வரை வராந்தா நாற்காலியில் உட்கார்ந்தவர், அப்படியே கண்ணயர்ந்தார்.

ஒயர்களைச் சுருட்டப் போனேன். அக்காவின் வயிற்றுப் பட்டை ஒயர் எதிலும் செருகப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

பெட்டியில் நான் செருகியிருந்தது, காலிக் கட்டிலின் பட்டை.

ஓடிவந்து கணினியைப் பார்த்தேன். வயிற்றுக் கோடு நிதானமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

என்ன புத்தியோ, மைக்கை அழுத்திக் கிசுகிசுத்தேன். "மூச்சைப் பிடிங்க."

சற்று யோசித்தது. நின்றது.

வராந்தாவில் நாற்காலி கவிழும் சத்தம். "தம்பி... மூச்சு..."

"விடுங்க!" என்று மைக்கில் கத்தினேன். "விடுங்க! விடுங்க!"

கோடு நேராகவே போய்க்கொண்டிருந்தது.