காத்திருப்பு மின்சாரம்

அரசு கண் ஆஸ்பத்திரியின் வரிசைக் கூடத்தில் இசக்கிராஜின் காலடித் தகடு மஞ்சளாக, பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. நல்ல விளைச்சல். காலையிலிருந்து அவன் நின்ற நிலையில் வந்த மின்சாரத்தில் கூடத்து மின்விசிறி இரண்டு ஓடியிருக்கும். அதனால்தான் அவனை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

மனிதன் ஒன்றை நம்பிக் காத்திருக்கும்போது அவன் உடம்பில் மெல்லிய மின்னோட்டம் எழுகிறது என்று கண்டுபிடித்தவர் நல்ல மனுஷர்தான். கைபேசிக்குச் சார்ஜ் போட உதவும் என்று நினைத்தார், பாவம். அரசாங்கம் வேறு மாதிரி நினைத்தது. வரிசைக்கு நம்மிடம் பஞ்சமா? ரேஷன் கடை, தாலுகா ஆபீஸ், பத்திரப்பதிவு, ஆஸ்பத்திரி என்று ஜனங்கள் நிற்கும் இடமெல்லாம், போகப் போக வீடு, கடை, லிஃப்ட் என்று எல்லாத் தரையிலும் நம்பிக்கைத் தகடு பதித்தார்கள். நிலக்கரி வேண்டாம், அணை வேண்டாம். வீட்டுக்கு வீடு மின்சாரம் இலவசம் என்று அறிவித்தபோது ஊரே பட்டாசு வெடித்தது. தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த செண்பகவடிவும் கடை வாசலில் ஒரு சரம் கொளுத்தினாள். அதை நினைத்தால் இப்போது அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு எந்த வரிசையாவது குறையுமா? இந்தக் கண் ஆஸ்பத்திரியில் இரண்டு டாக்டர்கள் இருந்தார்கள். வேலை மளமளவென்று நடந்தது, மின்சாரம் இறங்கியது. உடனே ஒருவரை மாற்றினார்கள். மிச்சமிருந்த டாக்டர் மெஹருன்னிசாவை வாரத்தில் பாதி நாள் மரம் நடும் விழாவுக்கு அனுப்பினார்கள். கண் டாக்டர் மரம் நட்டால்தான் மரம் வளரும் போல.

வடிவின் கணவன் இசக்கிராஜ் மினி பஸ் ஓட்டியவன். அவனுடைய வலது கண் போன வருஷம் இதே கூடத்தில், இதே வரிசையில் நிற்கும்போது போனது. கண்ணோடு ஸ்டியரிங்கும் போனது. இப்போது இடது கண்ணிலும் விழித்திரை பிரிந்து வருகிறது, உடனே ஒட்டாவிட்டால் இதுவும் போய்விடும் என்று மெஹருன்னிசா சொல்லிவிட்டார். சொல்லி, அறுவைக்குத் தேதி வாங்க வரிசைக்கு அனுப்பிவிட்டார். தனியார் ஆஸ்பத்திரியைப் பற்றி நினைக்கிற வசதி அவர்களுக்கு இல்லை.

கூடத்துச் சுவரில் பெரிய திரை. அதில் காத்திருப்புத் துறை அமைச்சர் சிரித்தார். தலைநகரில் கட்டி முடித்த நம்பிக்கைக் கோபுரத்தை முதல்வர் திறந்துவைக்கப் போகிறார், அதில் லட்சம் விளக்குகள் எரியும் என்றார். கடைசியில், "கண் மருத்துவமனைகளுக்கு விரைவில் கூடுதல் மருத்துவர்கள்" என்றார். அவ்வளவுதான், கூடத்துத் தகடுகள் எல்லாம் ஒரு சுற்று பிரகாசமாயின. தகடு மேற்பார்வையாளர் பிரிட்டோ தன் கருவியில் அளவைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டான்.

"டாக்டர் வரப் போறாங்களாமே வடிவு," என்றான் இசக்கிராஜ்.

"போன வருஷமும் இதே ஆளு இதைத்தான சொன்னான். சட்டையைக்கூட மாத்தல."

அப்போதுதான் அவள் அதைக் கவனித்தாள். வரிசையின் கடைசியில் ஒருவர் வந்து நின்றார். அவர் தகடு எரியவே இல்லை. பிரிட்டோ ஓடிப் போய் அவரை முதல் ஜன்னலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். நின்றவர்கள் முணுமுணுக்க, அவர் வேலையை முடித்துக்கொண்டு வெளியேறினார்.

"யாரு தம்பி அவரு, கட்சிக்காரரா?" என்று வடிவு கேட்டாள்.

"இல்லக்கா. அவங்க அம்மாவுக்கு ஆபரேஷன் தேதி கேட்டிருந்தாரு. அம்மா தவறிட்டாங்க. தேதி வேண்டாம், கொடுத்த ரிப்போர்ட்டைத் திருப்பித் தாங்கன்னு வந்தாரு."

"அதுக்கு எதுக்கு முதல் ஜன்னல்?"

பிரிட்டோ குரலைத் தாழ்த்தினான். "வற்றியவங்களைத் தகட்டுல நிக்க வைக்கக் கூடாதுக்கா. இடம் வீணாப் போவுதுன்னு மேலிடத்து உத்தரவு. கரண்ட் வராத ஆளை உடனே முடிச்சு அனுப்பிடணும்."

வடிவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செத்த பிறகு முதல் மரியாதை. அவள் கணவன் காதில் சொன்னாள். "ஏங்க, நம்பாதீங்க. நம்பிக்கையை விட்டாத்தான் கூப்பிடுவாங்களாம்."

"எப்படிட்டி விட முடியும்? என் கண்ணுல்லா?"

இருந்தாலும் முயன்றான். கண்ணை மூடி, ஒன்றும் நடக்காது என்று பத்துத் தடவை சொல்லிக்கொண்டான். தகடு மங்கவில்லை. நடித்தால் தகட்டுக்குத் தெரியும். வடிவும் பக்கத்துத் தகட்டில் ஏறி நின்று பார்த்தாள். அவள் தகடு அவனுடையதைவிடப் பிரகாசமாக எரிந்தது. வாய் என்ன பேசினாலும் உள்ளே அவளுக்கும் அந்த ஆசை இருந்தது. அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

திரையில் அமைச்சர் மறுபடி தோன்றினார். ஒரே பேச்சைத்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். கோபத்தில் வடிவு வாய்விட்டே பதில் சொல்ல ஆரம்பித்தாள். கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே குரல்.

"விரைவில் மேம்பாலம்," என்றார் அமைச்சர்.

"நாலு தூணு நிக்கி எங்க ஊருல. ஒவ்வொரு எலக்ஷனுக்கும் புதுசா பெயின்ட் அடிக்கான். தூணு மேல காக்கா குடும்பம் நடத்துது. அதுக்கு ரேஷன் கார்டுகூட இருக்கும்."

முன்னால் நின்ற பெரியவர் சிரித்துவிட்டார்.

"உங்கள் துயரம் என் துயரம்."

"அப்படியா? உனக்கு ஜலதோஷம் வந்தா வெளிநாட்டுக்குப் போற. எங்க வீட்டுக்காரர் கண்ணு போனா நிக்க வச்சு லைட்டு எரிக்க. லைட்டு எதுக்கு? உன் கோபுரத்துக்கு. ஏன்யா, ஒரு மனுஷன் கண்ணை அணைச்சு, ஆளில்லாத கோபுரத்துல விளக்கு எரிக்கியே, உனக்கு ராத்திரி தூக்கம் வருதா?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. வடிவு நிறுத்தவில்லை. குடிதண்ணீர்த் திட்டத்தில் திறந்துவைத்த வெற்றுக் குழாய், கட்டிடம் இல்லாத பள்ளிக்கு வைத்த வளைவு, வெள்ளத்தைப் பார்வையிட விமானத்தில் வந்துபோனவர்கள், ஒவ்வொன்றாகச் சொன்னாள். இட்டுக்கட்டவே தேவையில்லை, எல்லாருக்கும் தெரிந்த கதைதான். யாரும் வரிசையாகச் சேர்த்துச் சொன்னதில்லை.

"இத்தனையும் தெரிஞ்சும் நாம ஏன் நிக்கோம்? அவன் செய்வான்னா? செய்ய மாட்டான். செய்யவே மாட்டான்."

சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. அது நடிப்பில்லை. அவள் காலடித் தகடு மங்கியது, அணைந்தது. அடுத்து இசக்கிராஜுடையது. பெரியவருடையது. பிறகு வரிசை முழுக்க ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே போயிற்று. மின்விசிறிகள் நின்றன. திரையில் அமைச்சர் பாதிச் சிரிப்பில் காணாமல் போனார்.

பிரிட்டோ தலையில் கை வைத்துக்கொண்டான். ஆனால் உத்தரவு உத்தரவுதானே. அத்தனை பேரும் வற்றியவர்கள், அத்தனை பேரையும் உடனே முடித்து அனுப்ப வேண்டும். மரம் நடப் போயிருந்த மெஹருன்னிசாவை ஜீப் வைத்துக் கூட்டி வந்தார்கள். மத்தியானத்துக்குள் கூடம் காலியானது. இசக்கிராஜுக்கு அந்த வாரமே அறுவை என்று தேதி கிடைத்தது.

வரிசையில் யாரோ வடிவின் பேச்சைக் கைபேசியில் பிடித்திருந்தார்கள். மறுநாள் அது மாநிலம் முழுக்கச் சுற்றியது. ரேஷன் கடையில் போட்டுக் கேட்டார்கள், பதிவு அலுவலகத்தில் போட்டுக் கேட்டார்கள். கேட்ட இடமெல்லாம் தகடுகள் அணைந்தன. அதிகாரிகள் அலறிப் புடைத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். பல வருஷமாக இழுத்தடித்த பட்டா அரை மணியில் கைக்கு வந்தது. முதியோர் பென்ஷனை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். உண்மையைச் சொன்னால், இந்த மாநிலத்தில் அரசாங்கம் என்று ஒன்று நடந்தது அந்தச் சில நாட்கள்தான்.

அறுவை நாளும் வந்தது. இசக்கிராஜை உள்ளே கொண்டுபோனார்கள். வடிவு கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் நடைபாதை விளக்கு ஒருமுறை சிமிட்டி அணைந்தது.

மெஹருன்னிசா கையுறையோடு வெளியே வந்தார். "லேசர் நின்னுடுச்சும்மா. பாதிதான் ஒட்டியிருக்கு. சீக்கிரம் கரண்ட் வரலைன்னா கஷ்டம்."

"ஜெனரேட்டர் எங்க டாக்டர்?"

"கோபுரத் திறப்பு விழாவுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க."

பிரிட்டோ ஓடிவந்தான். மாநிலம் பூராவும் மின்சாரம் போய்விட்டது என்றான். "யக்கா, உங்க வீடியோதான். ஒரு ஆளும் எதையும் நம்ப மாட்டேங்கான். எல்லாத் தகடும் வற்றிப்போச்சு."

வடிவு பெஞ்சிலிருந்து எழுந்தாள். அவள் வாய்தானே இவ்வளவும் செய்தது. அந்த வாய்தான் இப்போது கதவுக்கு உள்ளே கிடக்கிறவன் கண்ணையும் அணைக்கப் போகிறதா?

பிரிட்டோவின் கைபேசியில் அமைச்சர் பேசினார். சட்டை அதே சட்டை. "என் அன்பு மக்களே, பத்து நிமிடத்தில் மின்சாரம் வரும். என்னை நம்புங்கள்."

"பெஞ்சு முன்னால இருக்குற தகட்டுல நில்லுங்கக்கா," என்றான் பிரிட்டோ. "கொஞ்சம் நம்புங்க."

"பச்சப் பொய்யி தம்பி. அவன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

தெரிந்தும் அவள் ஏறி நின்றாள். வேறு என்ன செய்ய முடியும்? வந்துவிடும், வந்துவிட வேண்டும், அவர் கண்ணுக்காகவாவது வந்துவிட வேண்டும் என்று கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். தகடு மெல்ல மஞ்சளானது.

அவள் மட்டுமில்லை. மாநிலத்தில் அத்தனை பேரும் அந்த நேரம் ஒன்றே ஒன்றுக்காகத்தான் காத்திருந்தார்கள். அடுப்படியில், கடையில், நின்றுபோன லிஃப்டில், பரீட்சைக்குப் படிக்கும் மேஜையில், எல்லாரும் கரண்ட் எப்போது வரும் என்று காத்திருந்தார்கள். அமைச்சரை நம்பாதவர்களும் கரண்டை எதிர்பார்த்தார்கள். அதனால் கரண்ட் வந்தது. வழக்கத்தைவிட அதிகமாகவே வந்தது. அறுவைக்கூடக் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. வடிவு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

"சொன்னேன் அல்லவா?" என்றார் அமைச்சர்.

இசக்கிராஜின் கண் கட்டு அவிழ்ப்பதற்குள் அரசாங்கம் பாடம் படித்துவிட்டது. வற்றியவர்களை உடனே கவனிக்க வேண்டும் என்ற உத்தரவை ரத்து செய்தது. ஆஸ்பத்திரி வார்டுகளிலும் தகடு பதித்தது. கூடவே, மின் உற்பத்தியைப் பெருக்க இனி தினமும் மாலையில் மின்வெட்டு என்று அறிவித்தது. மின்சாரம் தயாரிப்பதற்கு மின்வெட்டு. ஜனங்கள் கொஞ்சம் திட்டிவிட்டு மெழுகுவத்தி வாங்கி வைத்தார்கள்.

கண் வார்டில் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. மாலையில் மெஹருன்னிசா கட்டை அவிழ்க்க வந்தார். கடைசிச் சுற்றுத் துணி கையில் வரும்போது விளக்கு அணைந்தது.

இசக்கிராஜ் கட்டிலில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். "வடிவு, ஒண்ணுமே தெரியலையே. கண்ணு வரலையா, கரண்ட் வரலையா?"

"கரண்ட்தாங்க போயிருக்கு."

"நிசமாச் சொல்லு."

"புதுசாத் திறந்த கண்ணு, டார்ச் அடிக்கக் கூடாது," என்றார் மெஹருன்னிசா. "கொஞ்சம் பொறுங்க."

வடிவு கட்டிலோரம் நின்றாள். தெரிந்துவிட வேண்டும். இந்த மனுஷனுக்கு ஒரு கண்ணாவது மிஞ்ச வேண்டும். வாழ்க்கையில் எதற்காகவும் அவள் இவ்வளவு காத்திருந்ததில்லை. அவள் காலடியில் தகடு மெதுவாக எரியத் தொடங்கியது.

"அங்க என்னமோ மஞ்சளாத் தெரியுது," என்றான் இசக்கிராஜ். கொஞ்சம் குனிந்தான். "உன் காலு. பழைய செருப்பு. வாரு அறுந்ததை ஊக்கு வச்சு மாட்டியிருக்க."

வடிவு வாயைப் பொத்திக்கொண்டாள். தகடு சட்டென்று அணைந்துவிட்டது.

"ஐயோ, போயிட்டே. மறுபடியும் இருட்டாயிட்டே வடிவு."

"உங்க கண்ணுக்கு ஒண்ணுமில்ல." அவள் இருட்டில் தடவி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு வேண்டியது கெடச்சிட்டு. அதான் அணைஞ்சிட்டு."

வெளியே ஓடிவரும் சத்தம் கேட்டது. பிரிட்டோ கருவியோடு கதவில் வந்து நின்றான். "இந்த வார்டுல ஒரு தகடு திடீர்னு விழுந்திருக்குக்கா. நல்லா ஏறிட்டிருந்தது. மேலிடத்துல காரணம் கேக்காங்க. என்ன எழுத?"

"ஒருத்திக்கு வேலை முடிஞ்சிட்டுன்னு எழுதுங்க தம்பி," என்றாள் வடிவு. "இனிமே அப்படி நடக்காம அவங்க பாத்துக்கிடுவாங்க."