ஈரம் காயாத கையெழுத்து

"பேனாவ எடுக்காதீங்க!"

கிருஷாந்தியின் கை பையின் ஜிப்பிலேயே நின்றுவிட்டது. பேனா அவளுடையது. பையும் அவளுடையதுதான். ஆனால் அது சீட்டில் உட்கார்ந்திருந்த அந்த இளைஞனின் மடியில் இருந்தது. வத்தேகம பஸ்ஸில் நிற்பவர்களின் பையை உட்கார்ந்திருப்பவர்கள் வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம். அதற்காக அதிகாரம் வேறு செய்வதா?

"என்ன சொன்னீங்க?"

"அட்மிஷன்ல கையெழுத்துப் போடத்தானே பேனா தேடுறீங்க? போடாதீங்க."

பைக்கு மேலே செருகியிருந்த பிளாஸ்டிக் உறை அவளைக் காட்டிக்கொடுத்திருந்தது. உள்ளே பரீட்சை அனுமதி அட்டை. தோட்டத்துத் தலைவர் முத்துலிங்கத்தின் கையெழுத்தும் அவருடைய சமாதான நீதவான் முத்திரையும் பளிச்சென்று இருந்தன. அவர் முன்னால் அவள் போட்டிருக்க வேண்டிய கையெழுத்தைத்தான் காணோம். அவளுக்குக் கடையில் லீவு கிடைக்காததால் அப்பாதான் அட்டையைக் கொண்டுபோனார். பிறந்ததிலிருந்து பார்க்கிற பிள்ளை... நேரில் வந்துதான் ஆக வேண்டுமா என்று தலைவரும் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். எல்லாருக்கும் நல்ல மனசு! இன்று காலை பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் அந்த வெற்றிடம் அவள் கண்ணில் பட்டது.

"அடுத்தவங்க பேப்பர வாசிக்கிறது நல்ல பழக்கமா?"

"அது என் மடியில உக்காந்துக்கிட்டு என்னையே பாத்துச்சு. நான் என்ன பண்ண?"

அவன் கண்கள் சிரித்தன. நல்ல கண்கள்... அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"கையெழுத்து என்னோடது. உங்களுக்கு என்ன நட்டம்?"

"போட்டதப் பாத்தேன்னுதானே அவர் முத்திரை குத்தியிருக்காரு. பாக்கலியே. பரீட்சை நடக்கிற பள்ளிக்கூடத்து அதிபர்கிட்ட போங்க, முதல்ல இருந்து சரியா செஞ்சு குடுப்பாங்க."

"அறிவுரைக்கு நன்றி!"

கலங்கிய கண்ணை மறைத்துக்கொண்டு, கட்டுகஸ்தோட்டையில் பையைப் பிடுங்காத குறையாக வாங்கி மழையில் இறங்கினாள்.

அதிபரைத் தேட நேரம் ஏது? இது மூன்றாவது தடவை. அரசாங்க அலுவலக வேலைக்கான முகாமைத்துவ சேவைப் பரீட்சை எழுத வயதெல்லை முப்பது. நவம்பரில் அவளுக்கு முப்பது முடிகிறது. மூன்று வருடமாக விடியற்காலை நாலரைக்கு எழுந்து ஒரு பழைய வினாத்தாள். பிறகு பஸ், பிறகு நாள் முழுக்கத் துணிக்கடையில் நின்ற கால். முதல் தடவை ஒன்பது புள்ளி குறைந்தது, அடுத்த தடவை இரண்டே இரண்டு. நெருங்கிவிட்டாள்... ஆனால் நாலாவது தடவை என்று ஒன்று இல்லை.

பள்ளிக்கூட வாசலில் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, விறுவிறுவென்று கையெழுத்தைப் போட்டாள். யாருக்குத் தெரியப்போகிறது?

மண்டபத்துக் கதவில் அட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்... அவன்! சட்டையில் பரீட்சையைக் கண்காணிக்கும் நோக்குநரின் அட்டை. சுதேஷ், அந்தப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் என்று அதில் இருந்தது.

அட்டையை வாங்கினான். மை இன்னும் காயவில்லை. அவன் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

"இது அவர் முன்னால போட்ட கையெழுத்தா?"

பின்னால் வரிசை நெருக்கியது. ஒரே ஒரு 'ஆமா'. சொன்னால் போதும், உள்ளே போய்விடலாம். மூன்று வருடம் அந்த ஒற்றைச் சொல்லில் தொங்கியது. அவள் நிமிர்ந்து அவன் கண்களைப் பார்த்தாள்.

"இல்ல."

அவன் அட்டையைத் திருப்பி நீட்டினான்.

"அப்ப உள்ள விட முடியாது. அதிபர் அறை மேல் மாடியில. ஒன்பதரைக்குக் கதவ மூடிருவோம். ஓடுங்க."

ஓடினாள். அதிபர் ஜெஸீமா மெடம் தொலைபேசியில் இருந்தார். பேசி முடிக்கட்டும் என்று நின்ற நேரத்தில் கிருஷாந்தி செத்துப் பிழைத்தாள். பிறகு அவர் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய கையெழுத்துகளைக் கோடு போட்டு வெட்டினார்.

"எனக்கு முன்னுக்கு கையெழுத்து வைங்க மகள். அவசரப்படாம வைங்க."

திரும்பி வந்தபோது ஒன்பது பன்னிரண்டு. பரீட்சை தொடங்கிப் பன்னிரண்டு நிமிடம் போயிருந்தது. சுதேஷ் வினாத்தாளை வைத்துவிட்டு நகர்ந்தான். அந்த ஆத்திரத்தில் எழுதினாள்... நிமிராமல், தண்ணீர் குடிக்காமல், கடைசிக் கேள்வி வரை எழுதினாள்.

மாலை பஸ் ஹோல்டில் அவன் பக்கத்தில் வந்து நின்றான். "எப்படி எழுதினீங்க?"

"பன்னிரண்டு நிமிஷம் குறைவா எழுதினேன்!"

அவன் மெல்லத் தலையாட்டிவிட்டு நகர்ந்தான். அவளும் திரும்பிப் பார்க்கவில்லை. கல் மனசுக்காரன்!

எட்டு மாதம் கழித்துப் பெறுபேறு வந்தது. பட்டியலில் அவளுடைய சுட்டெண் இருந்தது! அடுத்த வாரம் கண்டியில் நேர்முகப் பரீட்சை. அப்பா அழுதார். கடையில் எல்லாருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தாள். ஆனாலும் இன்னும் ஒருவனுக்குச் சொல்லாத குறை நெஞ்சில் குத்தியது. போகக் கூடாது என்று மூன்று நாள் பிடிவாதமாக இருந்தாள். நாலாம் நாள் அதே பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு வாசலில் போய் நின்றாள்.

சுதேஷ் அவளைக் கண்டதும் அப்படியே நின்றான்.

"பாஸ்" என்றாள்.

"தெரியும். உங்க பரீட்சை நம்பர் எனக்கு மனப்பாடம்." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவளுக்குக் காது சுட்டது. இருந்தாலும் கேட்க வந்ததைக் கேட்டாள்.

"அன்னைக்கு நான் 'ஆமா'ன்னு சொல்லியிருந்தா?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"உள்ள விட்டிருப்பேன்."

"பொய்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சேதான். பஸ்ஸில உங்க கண்ணு கலங்கினதப் பாத்துட்டேன். 'ஆமா'ன்னு சொல்லிருங்களேன்னு வேண்டிக்கிட்டுத்தான் அந்தக் கேள்வியக் கேட்டேன். அதுக்குப் பொறகு என் முகத்த நானே கண்ணாடில பாத்திருக்க மாட்டேன்... நீங்க 'இல்ல'ன்னு சொல்லி என்னையும் காப்பாத்திட்டீங்க. நீங்க திரும்பி வர்ற வரைக்கும் என் கண்ணு கடிகாரத்துலதான் இருந்துச்சு."

எட்டு மாதம் கட்டிக் காத்த கோபம்... இருந்த இடம் தெரியாமல் போயிற்று. கல் மனசு என்றல்லவா நினைத்திருந்தாள்!

"நானும் ஒண்ணு கேக்கவா?" அவன் குரல் தாழ்ந்தது. "வாழ்க்கையே போயிருமே... அந்த நேரத்துல ஏன் உண்மையச் சொன்னீங்க?"

"உங்க கண்ணப் பாத்துக்கிட்டுப் பொய் சொல்ல வரல."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"இப்பவும் வரல" என்றாள். அவள் பார்வை விலகவில்லை. "சும்மா பாஸானதச் சொல்லிட்டுப் போக வந்தேன்னு சொல்லத்தான் நினைச்சேன்... முடியல. எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு."